சனிக்கிழமை ஊழியம்

மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சட்டப் பிரிவுகளைப் பற்றிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவை எல்லாம் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கின்றன. என்னைவிட வேகமாகத் தேடி எடுத்துவிடுவீர்கள். நான் சொல்லப்போவது ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லால் மறைமலை நகரில் ஒரு தொழிலாளிக்கு வேலை போக இருந்தது. சொன்னவர் பொய் சொல்லவில்லை, எழுதியவர் தப்பாக எழுதவில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும்.

முதலில் என்னைப் பற்றி. ஜி.எஸ்.டி. சாலை ஓரத்துத் தொழிற்சாலைகளில் பணியாளர் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெற்றேன் என்பது பேச்சுக்குத்தான். உள் விசாரணை நடத்திக் கொடுங்கள் மேடம் என்று ஏதாவது ஒரு கம்பெனி கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கம்பெனி தன் தொழிலாளி மேல் பெரிய குற்றம் சாட்டினால், வெளியாள் ஒருவர் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டு, குற்றம் நிரூபணமானதா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். தண்டனை கொடுப்பது கம்பெனியின் பாடு. நாம் எழுதும் ஒரு வரிதான் அவர்களுக்குக் கத்தியாகவோ கேடயமாகவோ ஆகும். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஜெபராஜ் கார் கதவுத் தகடுகளை அழுத்தி எடுக்கும் பிரிவில் ஆபரேட்டர். பெருங்களத்தூரில் வீடு. மற்ற கிறிஸ்தவர்களைப் போல ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், நடுவில் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டாடும் ஒரு சின்ன சபையில் சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும்வரை அவர்கள் பிழைப்புக்கான வேலை எதையும் தொடமாட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கு ஆயத்தநாள் என்று பெயர். சமைப்பது, துவைப்பது, வண்டிக்குப் பெட்ரோல் போடுவது எல்லாம் அன்று வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

அவர் மனைவி மெர்சி புதுச் சபைக்குப் போகவில்லை. அவருக்கு ஞாயிறு ஆராதனைதான். தாம்பரம் சானடோரியம் பக்கம் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலை. அவருக்கும் ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. ஒரே வீட்டில் இரண்டு ஓய்வுநாள் என்றால் சும்மாவா? புகைச்சல் இருந்துகொண்டுதான் இருந்தது.

ஜெபராஜின் பழைய பிரிவு மேலாளர் ஒரு வழி செய்து வைத்திருந்தார். சனிக்கிழமை வரவேண்டாம், அதற்குப் பதில் ஞாயிறு முழுக்க வந்து இயந்திரப் பராமரிப்பைப் பார்த்துக்கொள். எல்லாம் வாய்வார்த்தை. அவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த ஆலைத் தலைவருக்குத் தமிழ் தெரியாது. கெட்டவர் இல்லை. சனிக்கிழமை தகடு போகவில்லையென்றால் கார் ஆலையில் உற்பத்தி வரிசை நின்றுவிடும், திட்டு வாங்குவது அவர். அதனால் எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றார். ஜெபராஜ் சனிக்கிழமைகளில் வராமலேயே இருந்தார். ஞாயிறு வந்தால் காவலாளி உள்ளே விடவில்லை.

விளக்கம் கேட்டார்கள். ‘ஓய்வுநாளை ஆசரிக்கிறேன்’ என்று ஜெபராஜ் எழுதிக் கொடுத்ததை கேட் எதிரே ஜெராக்ஸ் கடைப் பெண் டைப் அடித்தாள். ஆசரிப்பது என்றால் முறைப்படி கைக்கொள்வது. கோயில், சபை பக்கம் புழங்கும் சொல். அந்தப் பெண் அதைக் கேள்விப்பட்டதில்லை. எழுத்துப்பிழை என்று நினைத்து, நல்ல மனதோடு ‘ஓய்வுநாளை ஆதரிக்கிறேன்’ என்று திருத்திவிட்டாள். ஜெபராஜும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆலைத் தலைவர் அதைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தார். விடுமுறையை ஆதரிக்கிறேன் என்று ஒருவன் எழுதிக் கொடுத்தால் என்ன நினைப்பார்? இவன் ஆள் சேர்க்கிறான், போராட்டம் வரப்போகிறது என்று நினைத்தார். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து நடந்தது சிரிக்கிற விஷயம் இல்லை.

சனிக்கிழமையில் இவன் எங்கே போகிறான் என்று பார்த்து வரச்சொல்லி, வருகைப்பதிவு பார்க்கும் நேர அலுவலகத்து மோகனை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மெர்சிக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. கதவைத் திறந்து, “அவரு இல்லீங்க. பல்லாவரத்துக்கு ஊழியத்துக்குப் போயிருக்காரு. சனிக்கிழமையானா அங்கதான்” என்றார். மோகன் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே தமிழில் எழுதிக் கொடுத்தான்.

சபைக்குப் போகிறவர்கள் ஊழியம் என்று சொன்னால் அது கடவுளுக்காகச் செய்யும் தொண்டு. தாம்பரத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் நம் அலுவலகத் தமிழில் ஊழியர் என்றால் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். கைப்பேசி நம் அலுவலகத் தமிழைத்தான் படித்திருக்கிறது. பல்லாவரத்தில் வேலைக்குப் போயிருக்கிறார், ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான் வேலை என்று இங்கிலீஷில் கொடுத்துவிட்டது. ஒரு கம்பெனிச் சம்பளத்தில் இருந்துகொண்டு இன்னொரு இடத்தில் வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று உங்களுக்குத் தெரியும். நேராக டிஸ்மிஸ்.

குற்றச்சாட்டு இங்கிலீஷில் தயாரானது. தொழிலாளிக்குப் புரியவேண்டுமே என்று தமிழில் ஒரு பிரதி கொடுத்தார்கள். அதை எழுதியவருக்குக் கம்பீரமான தமிழ் பிடிக்கும் போல. ‘நிர்வாகத்தின் அனுமதியின்றி சனிக்கிழமைகளில் பல்லாவரத்தில் ஊழியம் புரிந்தது’ என்று எழுதிவிட்டார். மெர்சியின் வாயிலிருந்து கிளம்பிய சொல் இங்கிலீஷுக்குப் போய்ச் சுற்றிவிட்டு, பழையபடி ஊழியமாகவே அவர் புருஷன் கைக்கு வந்து சேர்ந்தது.

படித்த ஜெபராஜ் என்ன நினைத்திருப்பார்? நம் விசுவாசத்தையே குற்றம் என்கிறார்கள் என்று நினைத்தார்.

முதல் நாள் விசாரணை கேன்டீனுக்குப் பக்கத்து அறையில். கம்பெனி தரப்பில் தினேஷ், உங்களைப் போல் துறைக்கு வந்து கொஞ்ச காலமே ஆன பையன். ஜெபராஜுக்குத் துணையாக ஏழுமலை, அதே பிரிவில் வேலை பார்ப்பவர், பல்லாவரத்துக்காரர். தினேஷ் குற்றச்சாட்டைத் தமிழில் படித்துவிட்டு, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டான்.

ஜெபராஜ் எழுந்து நின்றார். “ஒத்துக்கறேன். பல்லாவரத்துல ஊழியம் செய்யறேன். இனிமேலும் செய்வேன். அத விட்டாத்தான் வேலைன்னா, வேலைய எடுத்துக்கங்க.”

“இன்னாயா சொல்லிகினு கீற நீ?” என்று ஏழுமலை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். “வூட்ல ரெண்டு பேரும் சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க? மேடம், எழுதாதீங்க மேடம். பேஜாரா பூடும்.”

தினேஷ் பைலை மூடினான். “அட்மிட் பண்ணிட்டார் மேடம். இன்னைக்கே முடிச்சிடலாமே, மேலேர்ந்து ரெண்டு தடவை கேட்டுட்டாங்க.”

முடித்திருக்கலாம். சட்டப்படி என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. எதிரே இருப்பவர் தன் வாயால், நின்றுகொண்டு, எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டுவிட்டார். இங்கேதான் நீங்கள் என்னைக் கவனிக்க வேண்டும். திருட்டுத்தனமாக இன்னொரு வேலை பார்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மழுப்புவார்கள், மச்சான் கடை என்பார்கள், காலைப் பிடிப்பார்கள். இந்த மனிதர் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். குற்றத்துக்கும் முகத்துக்கும் ஒட்டவில்லை. அப்படி ஒட்டாத இடத்தில் பேனாவைக் கீழே வையுங்கள். ஒப்புக்கொண்டார் என்று எழுதுவதற்கு முன்னால், எதை ஒப்புக்கொண்டார் என்று கேளுங்கள்.

“பல்லாவரத்துல உங்களுக்கு மேல யாரு?” என்று கேட்டேன்.

ஜெபராஜ் சுட்டுவிரலால் கூரையைக் காட்டினார்.

“பேரு?” என்றான் தினேஷ், பேனாவோடு.

ஏழுமலை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் பளிச்சென்று பட்டது. இங்கிலீஷ், தமிழ் பிரதிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து தினேஷுக்குக் காட்டினேன். அவனுக்கு முகம் சிவந்தது. ஆனால் பையன் கெட்டிக்காரன், உடனே விட்டுக்கொடுக்கவில்லை. “சபையிலயும் சம்பளம் வாங்கற ஊழியர்கள் இருக்காங்களே மேடம். அதுவும் ஓய்வுநாள்னு சொல்லி லீவு கேக்கறார். அங்க போய் ஓய்வா எடுக்கறார்? நாள் முழுக்க வேலை செய்யறார்னு நமக்குத் தகவல்.” நியாயமான கேள்விதான். தகவல் தந்த மெர்சியையே சாட்சியாகக் கூப்பிடுவது என்று முடிவாயிற்று.

அடுத்த தேதி பார்த்தோம். “சனிக்கிழமை மட்டும் வேணாம் மேடம்” என்றான் தினேஷ். “புரட்டாசி சனி. குடும்பத்தோட திருநீர்மலைக்குப் போகணும்.”

அதுவரை விறைத்துக்கொண்டிருந்த ஜெபராஜ் முதல் தடவையாகச் சிரித்தார். “எனக்கும் சனிக்கிழமை வேணாம் சார்.”

எனக்கும் வேண்டாம்தான். நானும் புரட்டாசி சனிக்கு மலையேறுகிறவள். அந்த மாதம் பாதி ஆலை பெருமாளுக்குத் தளிகை போட லீவு கேட்கும், யாரும் அதற்குக் குற்றச்சாட்டு எழுதியதில்லை. இதை அன்று நான் வாய்திறந்து சொல்லவில்லை. விசாரிக்கிறவள் ஒரு பக்கம் சாயக் கூடாது. ஆனால் தினேஷ் தன் நாட்காட்டியில் புரட்டாசிச் சனிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

இரண்டாம் நாள் மெர்சி வந்தார். பாதி நாள் சம்பளம் போகிற எரிச்சல் முகத்திலேயே தெரிந்தது. அதைவிடப் பெரிய பயமும் தெரிந்தது. தான் சொன்ன வார்த்தையால்தான் புருஷனுக்கு வேலை போகப் போகிறது என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“ஊழியத்துக்குப் போயிருக்காருன்னு நீங்க சொன்னீங்களா?” என்று தினேஷ் ஆரம்பித்தான்.

“சொன்னேன் சார். இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

“அங்க என்ன செய்யறார்?”

“காலைல சபை. அப்புறம் படுத்த படுக்கையா கெடக்கற வயசானவங்க இல்லத்துக்குப் போவாரு. ஷேவ் பண்ணிவிடுவாரு, நகம் வெட்டுவாரு, ஜெபம் பண்ணுவாரு. இருட்டினதும் வருவாரு.”

“ஏதாவது தருவாங்களா?”

“பிளேடே இவரு வாங்கிட்டுப் போறதுதான் சார்.”

“அப்ப அது வேலை இல்லைன்னு சொல்றீங்க.”

மெர்சி ஜெபராஜைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வந்தது பாருங்கள் வேகம்.

“என்னக் கேட்டா வேலைதான் சார். நம்ம வீட்ல ஒரு பல்பு மாத்துங்கன்னா இன்னைக்கு ஓய்வுநாள்ம்பாரு. அன்னைக்கு எனக்கு அனலா காயுது. முந்தின நாளே கஞ்சி வெச்சு, மாத்திரைய எடுத்துத் தலமாட்டுல வெச்சிட்டு, ஜெபம் பண்ணிட்டுக் கெளம்பிட்டாரு. அங்க யாரோ ஒரு தாத்தாவுக்கு நகம் வெட்டிட்டு இருந்திருக்காரு. எனக்கு நெத்தியத் தொட்டுப் பாக்க ஆள் இல்ல.”

ஜெபராஜ் தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலை கையால் நெற்றியை மூடிக்கொண்டார்.

தினேஷ் மெதுவாகக் கேட்டான். “அப்ப அது வேலைதான்னு நீங்களே சொல்றீங்க. அப்படியே எழுதிக்கலாமா?”

இந்த இடத்தில் நான் குறுக்கிட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். சாட்சிக்கு நாம் சொல் எடுத்துக் கொடுத்தால் அது நம் சாட்சியாகிவிடும். கோபத்தில் இருக்கிற ஒரு பெண்ணின் அடுத்த சொல்லில் ஒருவருடைய பிழைப்பு இருந்தது.

“எழுதாதீங்க” என்றார் மெர்சி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அது கோவத்துல சொன்னது. கோவம் இருக்கு, அதுக்காக அபாண்டம் சொல்ல மாட்டேன். கூலிக்குச் செய்யற வேல இல்ல சார் அது. இவரு எங்கயும் ரெண்டாவது சம்பளம் வாங்கல. ஊழியத்துக்குப் போனாரு. அவ்ளோதான். அதுவே எனக்குப் பிடிக்கல, அது எங்க வீட்டு விஷயம்.”

இதைவிடத் தெளிவாக எந்த வழக்கறிஞரும் பேசி நான் கேட்டதில்லை. புருஷன் மேல் அவ்வளவு மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அவர் காட்டிய நேர்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

விசாரணை முடிந்து வெளியே வந்தால் கொட்டுகிற மழை. வராந்தாவில் நின்றோம். தினேஷ் விடவில்லை. “எல்லாம் சரி மேடம். ஆனா ஓய்வுன்னு சொல்லிட்டு நாள் முழுக்க உழைக்கறாரே, அது மட்டும் எனக்கு இடிக்குது.”

“மழை நின்னா என்ன சொல்லுவ?” என்று கேட்டேன்.

“மழை ஓஞ்சிடுச்சும்பேன்.”

“படுத்துத் தூங்கிடுச்சுன்னா அர்த்தம்? பெய்யறத நிறுத்திடுச்சு. அதேதான். பிழைப்புக்காக ஓடறத ஒரு நாள் நிறுத்தறார். நின்ன பிறகு அவர் யாருக்கு நகம் வெட்டினா நமக்கென்ன?” என் மாமியார் ஏகாதசிக்குப் பட்டினி இருந்துகொண்டு மற்ற நாளைவிட அதிகமாக ஓடியாடுவதையும் சொன்னேன். தினேஷ் சிரித்தான். அந்தச் சிரிப்பில்தான் அவன் என் பக்கம் வந்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வேலை என்ற குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று எழுதினேன். அனுமதியில்லாமல் வராமல் இருந்தது நிரூபணம் என்றும் எழுதினேன். ஆமாம், எழுதத்தான் எழுதினேன். அவர்மேல் இரக்கப்பட்டு உண்மையை மழுப்பிவிட முடியாது. இரக்கத்துக்கு வேறு இடம் இருக்கிறது. அறிக்கையைக் கொடுத்துவிட்டு, தினேஷையும் கூட்டிக்கொண்டு ஆலைத் தலைவர் அறைக்குப் போனேன். அது என் வேலையில் சேர்த்தி இல்லை. தேநீர் குடிக்கப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதரிக்கிறேன் எப்படி வந்தது, ஊழியம் எப்படி வேலையானது என்று அவருக்குப் படிப்படியாக விளக்கினோம். மனிதர் கைப்பேசியை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். சனிக்கிழமை ஆள் வேண்டுமே என்றார். தினேஷ் தயாராக வந்திருந்தான். ஏழுமலையும் இன்னொருவரும் மாற்றி மாற்றிச் சனிக்கிழமை பார்த்துக்கொள்கிறார்கள், ஜெபராஜ் முன்பு போல ஞாயிறு முழுக்கப் பராமரிப்புக்கு வரட்டும், இந்த முறை எழுத்தில் என்றான். ஆலைத் தலைவர் ஒத்துக்கொண்டார். வராத நாட்களுக்கு எச்சரிக்கையோடு விட்டுவிடுவதாகவும் சொன்னார். எனக்கு அங்கேயே எழுந்து ஆடலாம் போல இருந்தது.

வரவேற்பறையில் கணவனும் மனைவியும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள். வேலை போகவில்லை என்றதும் ஜெபராஜ் கையைக் குவித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற ஏழுமலை, “டீ வாங்கிக் குட்றா” என்று அவர் முதுகில் ஒன்று வைத்தார். ஞாயிறு முழுக்கப் பழையபடி வரவேண்டும் என்று தினேஷ் சொன்னான். ஜெபராஜ் தலையாட்டினார்.

மெர்சி மட்டும் சிரிக்கவில்லை. அதுவரை தினேஷிடமே பேசிக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பி, “அக்கா” என்றார். “சனிக்கிழமை இவரு ஊழியத்துல. ஞாயித்துக்கிழம இங்க. எனக்கு ஞாயிறு விட்டா வேற லீவு கெடையாது. நாங்க ரெண்டு பேரும் வீட்ல இருக்கற நாள் எது அக்கா?”

ஒரு வாரத்தையே கூறு போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம், அதில் அவருக்கு ஒரு துண்டும் இல்லை. தினேஷ் திரும்பி, மறுபடியும் ஆலைத் தலைவர் அறைக்கு மாடி ஏறினான். இறங்கி வந்தபோது, “ஞாயிறு காலை ஷிப்ட் மட்டும் போதுமாம். ரெண்டு மணிக்கு அனுப்பிடறோம்” என்றான். அப்போது மெர்சி கோயிலிலிருந்து வந்து சமையலையும் முடித்திருப்பார்.

“ரெண்டு மணிக்கு விட்டா அங்கேர்ந்து நேரா ஊழியத்துக்குப் போயிடுவாரு” என்றார் மெர்சி. “போக மாட்டேன்னு எழுதி வாங்குங்கக்கா.”

“அது கம்பெனி விஷயம் இல்லையேம்மா” என்றேன்.

“ஊழியத்த எழுதினீங்க இல்ல? அப்ப இதையும் எழுதுங்க.”

கம்பெனிக்கும் குற்றச்சாட்டுக்கும் டிஸ்மிஸுக்கும் தலை வணங்காத ஜெபராஜ், மனைவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நடுவில் இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்து, அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் போய் எத்தனையோ நாளாகியிருந்தது.

“எழுதிக்கங்க மேடம்” என்றார். “ஞாயித்துக்கிழம ரெண்டு மணிக்கு மேல எனக்கு வேலையும் இல்ல, ஊழியமும் இல்ல.”

தினேஷ் அதை ஒப்பந்தத் தாளின் அடியில் அப்படியே எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினான். இங்கிலீஷ் பிரதியில் இதை எப்படிப் போடுவது மேடம் என்று என்னிடம் கேட்டான். போடவே வேண்டாம், தமிழிலேயே இருக்கட்டும் என்றேன்.